கிட்ட வந்தாச்சு

டிராகன் படகுத் திருவிழாவுக்கு மறுநாள் காலையில் நான் சைக்கிளில் உலகம் சுற்ற வீட்டை விட்டுப் புறப்பட்டேன். நான் போய்விட்டால் அக்கா பெய்ஜென்னுக்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் போகாதே என்று அவள் சொல்லவில்லை.

கடற்கரைச் சாலை மலைக்குத் திரும்பும் இடத்தில் எங்கள் கடை இருக்கிறது. தேநீரில் வேகவைத்த முட்டையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் விற்கிறோம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும் எவரைப் பார்த்தாலும் "கிட்ட வந்தாச்சு" என்பது எங்கள் தைவான் வழக்கம். பாதி மலை மிச்சமிருந்தாலும் அப்படித்தான் சொல்வோம். அக்கா மட்டும் சொல்ல மாட்டாள். ஆறு வருடம் சாலை அளக்கும் வேலையில் இருந்தவள் அவள்.

ஒருமுறை வியர்த்து வழிந்தபடி வந்த சைக்கிள்காரர் ஒருவர், "உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம்க்கா?" என்று கேட்டார்.

"ஒன்பது புள்ளி நாலு கிலோமீட்டர். கடைசி ரெண்டும் செங்குத்து."

"ஒரு பொய் சொன்னா வாய் வெந்துடுமா?"

"பொய்யை மிதிச்சா சக்கரம் ஏறுமா தம்பி? முட்டை சாப்பிட்டுப் போங்க."

நான் புறப்பட்ட அன்றும் அவள் கிழங்கைத் திருப்பிப் போட்டபடி, "விமான நிலையத்துக்கு இருநூத்திப் பதினொன்னு" என்று மட்டும் சொன்னாள்.

நான்கு வருடம் கழித்து, போர்ச்சுகலில் ஒரு மலைச்சாலையின் நடுவில் சைக்கிளை விட்டு இறங்கி அவளுக்கு எழுதினேன்: "அக்கா, அலுத்துப்போச்சு. இங்கேருந்து வீடு எவ்வளவு தூரம்?"

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது.

"கிட்ட வந்தாச்சுடி."