இருபத்தாறு வாய்தா

பம்மல் எத்திராஜ் மனசில் ஒன்று விழுந்தால் விழுந்ததுதான். ஆறாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, காலால் மிதித்து ஓட்டும் ஒரு அச்சு மெஷினில் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைத்தவன். 'பம்மல் முழக்கம்' என்று நாலு பக்க வாரப் பத்திரிகையும் நடத்தினான்.

எண்பத்தேழில் குப்பம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கருஞ்சிவப்பானது. பக்கத்துத் தோல் ஷெட் கழிவு. ஷெட் முதலாளி ஜீவரத்தினம் மேல் அவள் கேஸ் போட்டாள். முன்சீப் வைத்தீஸ்வரன் வாய்தா மேல் வாய்தா கொடுத்தார். அவர் குடியிருந்ததே ஜீவரத்தினத்தின் மாடி வீட்டில். எத்திராஜ் சும்மா இருப்பானா? "முதலாளி வீட்டில் முன்சீப், குப்பம்மாவுக்கு எங்கே நீதி?" என்று முதல் பக்கத்தில் போட்டான்.

ஹைகோர்ட்டிலிருந்து அவமதிப்பு நோட்டீஸ் வந்தது. முன்சீப் குடியிருந்த வீட்டுக் கரண்ட் கார்டில் ஜீவரத்தினம் பேர் இருந்தது. அதை போட்டோ பிடித்து, மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி பல்லாவரத்தில் ரயிலேறினான்.

வக்கீல் லோகநாயகி அந்தப் படத்தைக் கையால்கூடத் தொடவில்லை.

"உண்மையா பொய்யான்னு இங்க கேக்க மாட்டாங்க எத்திராஜ். கோர்ட்டு பேரு கெட்டுச்சா, அதான் கேள்வி. மன்னிப்பு கேளுங்க. இல்லேன்னா ஆறு மாசம் உள்ள."

"இன்னா மேடம், பேஜாரா கீது! திருடனைத் திருடன்னா..."

"இதை அங்க சொன்னா ஆறு மாசம் நிச்சயம்."

மெஷின் நின்றால் வீட்டில் உலை ஏறாது. ஹைகோர்ட்டில் மன்னிப்பு கேட்டான். மன்னிப்பை அதே முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடச் சொன்னார்கள். தன் கையாலேயே எழுத்துக் கோத்தான். ஜீவரத்தினத்தின் கையாள் கிட்டு டீக்கடையில் அதை உரக்கப் படித்தான்.

"இன்னா நைனா, முழக்கம் முனகலாயிடுச்சா?"

எத்திராஜ் டீயைக் குடிக்காமலே வெளியே வந்தான். நேராக லோகநாயகியிடம் போனான். நடந்ததை நடந்தபடி போட்டால் குற்றமா என்று கேட்டான். இல்லை என்றாள்.

மறு வாரம் அதே கட்டத்தில் மூன்றே வரி. குப்பம்மா கேஸ் நம்பர். போட்ட தேதி. இதுவரை பதினோரு வாய்தா.

அடுத்த வாரமும் அதே. மாசம் ஒன்று கூடியது. பன்னிரண்டு, பதினைந்து, இருபது. ஜனங்கள் பேப்பரை வாங்கியதும் கட்டத்தைத்தான் தேடினார்கள். முன்சீப் காய்கறி வாங்கப் போனால் கடைக்காரன் "எத்தினி சார், இருவத்தி ஒண்ணா?" என்பான். கத்திரிக்காயைத்தான் கேட்டானாம்.

கோர்ட்டு டவாலி லோகு ஓடி வந்தான்.

"அண்ணா, ஐயா கொதிச்சிப்போய் கீறாரு. நிறுத்திடு."

"கணக்கு தப்பாடா? கேஸ் கட்டைப் பிரிச்சி எண்ணிக்கினு வரச் சொல்லு."

தொண்ணூறில் முன்சீப்புக்கு மாற்றல் வந்தது. கேஸ் முடிந்தபாடில்லை. கடைசி நாள், கழுத்தில் மாலையோடு கோர்ட்டுப் படியிறங்கினார். கீழே, மசி காயாத பேப்பரை நீட்டிக்கொண்டு எத்திராஜ் நின்றான். கட்டத்தில் இருபத்தாறு.

"ஐயா, இதுல ஒரு எழுத்து தப்புன்னாலும் சொல்லுங்க. முதல் பக்கத்துலயே மன்னிப்பு கேட்டுடறேன்."

சுற்றி நின்ற வக்கீல்கள் கோட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டார்கள். வைத்தீஸ்வரன் மாலையைப் பிய்த்துக் காருக்குள் எறிந்து, கதவை அறைந்து சாத்தினார். எத்திராஜ் பேப்பரை முன்கண்ணாடி வைப்பரில் செருகினான்.

கார் போனதும் லோகுவின் தோளில் கை போட்டான்.

"புது ஐயாவுக்கு வூடு எங்கடா பாத்துக்கீறாங்க?"