முனிராஜ் இல்லாத கேசட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி சாப்பிட்டுவிட்டு பேப்பரோடு சோம்பலாக உட்கார்ந்திருந்தேன். வாசலில் மஞ்சுளா வந்து நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயது மகள் கீதா.

மஞ்சுளா என் நண்பன் முனிராஜின் மனைவி. முனிராஜ் போய் மூன்று வருடமாகிறது. ஒரு மழைநாளில் செகண்ட் ஷிப்ட்டுக்கு மொபெட்டில் கிளம்பியவன், ஓசூர் தொழிற்பேட்டை திருப்பத்தில் சறுக்கி விழுந்தான். எழுந்திருக்கவில்லை. இதற்கு மேல் அதை எப்படி எழுதுவது?

"அண்ணா, நீங்கல்லாம் சைக்கிள்ல எகிறிக் குதிச்சத வீடியோ எடுத்தீங்களாமே... அந்தக் கேசட் இருக்குதுங்களா?"

"இருக்கும்மா. எதுக்கு?"

"இவதான் கேட்டுக்கினே இருக்கறா. அப்பா எப்படி நடப்பாரு, எப்படிப் பேசுவாருன்னு. கோயில்ல நடந்த கல்யாணம், போட்டோ மட்டுந்தான் எடுத்தாங்க. மாலை போட்ட படத்தத் தவிர இவளுக்கு ஒண்ணுந் தெரியாதுண்ணா."

கேசட்டை எடுக்க நான் உடனே நகரவில்லை. ஏனென்றால், அந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்ன இல்லை என்பதும் தெரியும்.

பத்து வருடத்துக்கு முந்தைய கதை. நான், முனிராஜ், வெங்கடேஷ் – மூன்று பேரும் ஃபேக்டரி அப்ரண்டிஸ்கள். பெங்களூரில் பழைய சாமான் விற்கும் தெருவில் ஒரு பி.எம்.எக்ஸ் சைக்கிள் பிடித்தோம். சின்னச் சக்கரம், குண்டு டயர், ஹேண்டில் பாரில் ஸ்பாஞ்ச் உறை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஓட்ட வேண்டிய சைக்கிளை மூன்று மீசைக்காரர்கள் மாற்றி மாற்றி ஓட்டினோம்!

அந்தச் சமயம் பார்த்து வெங்கடேஷின் சித்தப்பா துபாயிலிருந்து லீவில் வந்தார் – வீடியோ கேமராவோடு. கேட்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும். ராயக்கோட்டை பஸ்ஸின் கூரையில் சைக்கிளைக் கட்டிவிட்டு, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். சானமாவு காடு வந்ததும் கண்டக்டர் கிண்டல் செய்வார்: "யானை வந்தா அந்த சைக்கிள்லயே ஓடிருங்கப்பா." பேட்டரி தீர்ந்துவிடும் என்று பஸ்ஸில் கேமராவைத் திறக்கக்கூட மாட்டோம்.

உத்தனப்பள்ளியில் முனிராஜ் வீட்டுக் களம்தான் எங்கள் மைதானம். ஃபேக்டரிக்கு மெஷின் வந்த மரப்பெட்டியின் பலகைகளைச் செங்கல் மேல் சாய்த்து வைப்போம். அதில் வேகமாக ஏறி, அந்தரத்தில் எகிறி, முன்னால் கிடக்கும், கதிர் அறுத்த ராகித் தாள் குவியலைத் தாண்ட வேண்டும். வெங்கடேஷ் அழகாகத் தாண்டுவான். நான் சுமாராகத் தாண்டுவேன். அப்போது கேமரா முனிராஜ் கையில் இருக்கும்.

முனிராஜ்? விழுவான். பத்துத் தடவை ஏறினால் பத்துத் தடவையும் குவியலுக்குள்தான்.

எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு கேசட். அதனால் ஒரு சட்டம் போட்டோம் – நன்றாக வந்த ஷாட் மட்டும் இருக்க வேண்டும். முனிராஜ் விழுந்ததும் நான் கேமராவிலேயே டேப்பை ரீவைண்ட் செய்வேன். அதன்மேல் வெங்கடேஷின் அடுத்த தாவலை எடுப்பேன். கேமராமேன், எடிட்டர், சென்சார் – எல்லாம் நான்தான். முனிராஜுக்கு வருத்தமே கிடையாது. முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து அவனே சொல்வான்: "அழிச்சிருடா மச்சா. இன்னொரு வாட்டி போறேன்."

இரண்டு மாதம். சித்தப்பாவின் லீவு முடிந்தது. கேமராவும் துபாய்க்குத் திரும்பிவிட்டது.

"ராகிப் போரையே தாண்டுவாராமேண்ணா... எங்கிட்ட அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு" என்றாள் மஞ்சுளா.

நான் ஏன் தலையாட்டினேன்? தெரியவில்லை. வி.சி.ஆர் மேல் இருந்த தூசியைத் துடைத்துக் கேசட்டைப் போட்டேன்.

வெங்கடேஷ் பறந்தான்.

"இது அப்பாவா?" – கீதா.

"இல்லம்மா. வெங்கடேஷ் மாமா."

அடுத்து நான்.

"இது?"

"இது... நான்தாம்மா."

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு கத்தல் கேட்டது: "சூப்பர்ரா மச்சா!" மஞ்சுளா விருட்டென்று நிமிர்ந்தாள். "அவருதான்." குரல் மட்டும். மறுபடி வெங்கடேஷ். மறுபடி நான். நாலைந்து தாவலுக்குப் பிறகு கீதா கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு குழந்தை கேள்வி கேட்பதை நிறுத்தினால் அந்த வீடு எவ்வளவு அமைதியாகிவிடுகிறது!

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மஞ்சுளா, அவன் ஒரு தடவைகூடத் தாண்டலம்மா. விழுந்ததையெல்லாம் அழிச்சிட்டோம். அழிச்சது நான்தான்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்ணா. வீட்டு வாசப்படியிலயே தடுக்கி விழற ஆளு. அவரா போரைத் தாண்டுவாரு? விழுந்ததுதான் இருக்கும்னு நெனச்சு, அதப் பாக்கத்தான் வந்தேன்."

நம் வீட்டு ஆல்பங்களை யோசித்துப் பாருங்கள். யாராவது தடுமாறுகிற படம், தலை கலைந்த படம், கண்மூடிய படம் – எல்லாவற்றையும் கிழித்துப் போடுகிறோம். விறைப்பாக நிற்கிற படங்களைத்தான் ஒட்டி வைக்கிறோம். யாருக்காக? நாங்களும் நன்றாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டோம். அதில் முனிராஜையே தொலைத்துவிட்டோம். அன்று ஒரு கேசட்டுக்குப் பார்த்த சிக்கனத்தை நினைத்து எனக்கு என் மேலேயே வெறுப்பாக வந்தது.

கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. வெங்கடேஷின் இரண்டு தாவல்களுக்கு நடுவே திரையில் கோடு கோடாக ஓடியது. அந்த ஒரு இடத்தில் மட்டும் டேப்பை நான் சரியாகப் பின்னுக்குச் சுற்றவில்லை போலிருக்கிறது.

முனிராஜ்!

ராகித் தாளுக்குள் மல்லாந்து கிடக்கிறான். மேலே சைக்கிள். அதன் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மீசையெல்லாம் வைக்கோல். வாய்விட்டுச் சிரிக்கிறான். கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கி, "அழிச்சிரு..." – படக்கென்று வெங்கடேஷ் பறக்கிறான்.

மூன்றே விநாடி.

"அப்பா!" என்றாள் கீதா. யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ரீவைண்ட் செய்தேன். திரும்பப் போட்டேன். மறுபடி ரீவைண்ட். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. மஞ்சுளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரித்தாளா, அழுதாளா... நான் பார்க்கவில்லை. டேப் தேய்ந்து அறுந்துவிடுமோ என்ற பயத்தில் கடைசியாக நிறுத்தினேன்.

கீதா டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றாள். அப்பா விழுந்து கிடந்த இடத்தை விரலால் தொட்டாள்.

"மாமா... அப்பா அப்புறம் எந்திரிச்சாரா?"

"எந்திரிச்சாரும்மா."

"எங்க? காட்டுங்க."

எதைக் காட்டுவேன்? ஒவ்வொரு முறையும் அவன் எழுந்தான். அதைத்தான் ஒவ்வொரு முறையும் நான் அழித்தேன்.