செய்முறை கேட்காத வீடு

ஸ்ட்ரெச்சரின் பாதி லிஃப்டுக்குள்ளும் பாதி வராந்தாவிலும் நின்றது. மாமா எழுந்து உட்கார்ந்து, லிஃப்டின் கதவு நிலையை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தார். மூட வந்த கதவு அவர் கையில் இடித்துத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டது. "நான் வரல. என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். தள்ளிவந்த ஊழியர்கள் எங்களைப் பார்த்தார்கள். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அது. மேல்மாடியில் இதய ஆபரேஷனுக்கு எல்லாம் தயாராக இருந்தது. இந்த ஆபரேஷனை விட்டால் வீடு போய்ச் சேர்வதற்கே உத்தரவாதமில்லை என்று டாக்டர் முந்தின நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். தாத்தா காலத்திலேயே வேதத்துக்கு வந்த, அதாவது கிறிஸ்தவரான, குடும்பம் எங்களுடையது. மாமா சபையில் மூப்பர். கத்திக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. அவர் பயம் வேறு. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மழைக்கு ஒழுகும் ஜெபவீட்டுக்குக் கான்கிரீட் கூரை போட்டுத் தருவதாகக் கடவுளிடம் பொருத்தனை செய்திருந்தார். பொருத்தனை என்றால் நேர்ந்துகொள்வது. தூண்கள் எழும்பி நின்றன, அதற்குள் நெஞ்சு வலி வந்து படுக்க வைத்துவிட்டது. "சொன்னதச் செய்யாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரு முன்னால போயி நிப்பேன்? கூரையப் போட்டுட்டு வாரேன், அப்புறம் அறுங்க" என்றார். கேட்ட எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மாமாவுக்குத் திருமங்கலத்தில் பாத்திரக்கடை. எங்கள் பக்கத்தில் செய்முறை என்று ஒன்று உண்டு. கல்யாணமோ காதுகுத்தோ, விசேஷ வீட்டுக்கு உறவுக்காரர்கள் கை நிறையக் கொண்டுபோக வேண்டும். வெறுங்கையோடு போனவனைப் பேரன் காலம் வரை சொல்லிக் காட்டுவார்கள். மாமா இதில் ஆளே தனி. அவர் தூக்கி வந்து இறக்கிய பித்தளை அண்டா இல்லாத வீடு எங்கள் சொந்தத்திலேயே கிடையாது; எங்கள் பரணில் இன்றைக்கும் ஒன்று கிடந்து இடத்தை அடைக்கிறது. கடவுள் விஷயத்திலும் மனுஷன் அப்படித்தான். யாருமில்லாமல் செத்தவர்களை எடுத்து அடக்கம் செய்வார், கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரி வாசலில் கஞ்சி ஊற்றுவார். செய்து முடித்துவிட்டு ஒரு நாளாவது நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்தது என்ன என்றே முகம் இருக்கும்.

அத்தை அவர் தோளைத் தடவி, "நீங்க செஞ்ச தர்மத்துக்கு உங்களுக்கு ஒண்ணும் வராது, பேசாமப் படுங்க" என்றாள். நல்லதாக நினைத்துத்தான் சொன்னாள். அதுவே வினையாகிவிட்டது. "செஞ்சது ஊருக்குத் தெரியும். செய்யாதது எனக்குத்தானடி தெரியும்" என்று மாமா கத்தினார். கூடவே மூச்சு வாங்கியது. நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்து முகம் மாறினாள்.

எங்களோடு வந்திருந்த சபைப் போதகர் கிட்டே வந்து குனிந்தார். நம் செய்கையைப் பார்த்துக் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்வதில்லை, கிருபைதான், நம்பினால் போதும் என்று பொறுமையாகச் சொன்னார். மாமா தலையை ஆட்டினார். "இத நானே சண்டே ஸ்கூல்ல எத்தன பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் ஐயா. வாய்க்குத் தெரியுது. நெஞ்சு கேக்க மாட்டேங்குதே" என்றார். மேலேயிருந்து போன் வந்தது, நேரமாகிறது என்று. மாமாவின் உதடு லேசாக நீலம் பாய்வதை நான் பார்த்தேன். அந்தக் கையைப் பிரித்து எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அதுவரை சுவரோடு சுவராக நின்றிருந்த அம்மா முன்னால் வந்தாள். அவள் கேட்டது யாருமே எதிர்பாராத கேள்வி.

"அண்ணே, வாக்கப்பட்டுப் போன நாள்ல இருந்து உன் வீட்டுக்கு வந்துக்கிட்டுத்தான இருக்கேன். என்னைக்காச்சும் ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கிட்டு வந்திருக்கேனா?"

மாமா விழித்தார்.

"கேக்குறேன்ல, சொல்லு."

"நீ எதுக்குத் தாயி வாங்கியாரணும்? அது நீ பொறந்த வீடு."

"அப்ப உனக்கு மட்டும் அவரு வீடு சம்பந்தி வீடா?"

மாமா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிலையைப் பிடித்திருந்த கை தளர்ந்து மடியில் விழுந்தது. "கூரை..." என்று ஆரம்பித்தார். "மழைக்கு ஒழுகுதுன்னு அத நாங்க போட்டுக்கிறோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நீ போ" என்றாள் அம்மா. அவர் படுத்துக்கொண்டார். அந்த முகத்தில் அப்படியொரு அமைதியை அதற்கு முன் நான் கண்டதில்லை. லிஃப்ட் கதவு மூடியது.

ஆபரேஷன் மேஜையிலேயே மாமா போய்விட்டார். கூரையை அம்மாதான் நின்று போட்டு முடித்தாள். அதில் மாமா பெயரைப் பொறிக்க ஊர்க்காரர்கள் எவ்வளவோ கேட்டும் அவள் சம்மதிக்கவில்லை. நான் இப்போதும் சில நேரம் என் நல்ல காரியங்களை மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்ப்பதுண்டு. அப்போதெல்லாம் அடக்கத்தன்று திருமங்கலத்து வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்து என்னைத் தடுத்துவிடும்.

பந்தலில் கூட்டம் நெரிந்தது. ஆளாளுக்கு மாமா செய்ததை எடுத்துச் சொல்லி அழுதார்கள். கடைத்தெருக்காரர் ஒருவர், "அண்ணன் செஞ்சதுக்கு நேரா மோட்சந்தான்" என்றார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். பெட்டியருகே உட்கார்ந்திருந்த அம்மா விருட்டென்று தலையை நிமிர்த்தினாள்.

"செஞ்சதுக்கு இல்ல."

செத்தவரை இவளே குறை சொல்கிறாளா என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் உதறிவிட்டாள்.

"அழுகுறதுன்னா அழுங்க. அண்ணே செஞ்சதக் கணக்குச் சொல்லி அனுப்பாதீங்க. எங்கண்ணே பொறந்த வீட்டுக்குப் போயிருக்கு."