ஐப்பசியில் வந்தவர், மாசியில் பிறந்த மகள்

1

ஹட்டனில் நடந்த பிரஜாவுரிமை விசாரணைக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரிமுத்துவையும் அவர் மனைவி செல்லாயியையும் நான்தான் அழைத்துப் போனேன். அவர்களுடைய விண்ணப்பத்தை நிரப்பிய தோட்ட ஆபீஸ் கிளாக்கர் நான். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"நீ இலங்கைக்கு வந்தது முப்பத்திரண்டாம் ஆண்டு ஒக்டோபர். உன்ர மூத்த மகள் தோட்டத்தில பிறந்தது அதே வருஷம் பெப்ரவரி. நீ வாறதுக்கு முன்னமே பிள்ளை வந்திட்டுதோ?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இல்லீங்க தொரை," என்றார் மாரிமுத்து. "ஐப்பசில வந்தோம், மாசில பொறந்தா."

"கப்பலேறுறதுக்கு முந்தி மண்டபம் கேம்புல இருக்கையில அவ என் வயித்துல இருந்தாங்க," என்றாள் செல்லாயி.

பிந்தி வந்து சேர்ந்த பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் 1933 பெப்ரவரி என்றிருந்தது. அது வேறு யாருடைய பிள்ளையின் பத்திரமோ என்று அதிகாரி சந்தேகப்பட்டார். மாரிமுத்து என் பக்கம் திரும்பினார்.

"கெளாக்கரய்யா, நீங்க சொல்லுங்களேன்."

அந்தக் கணத்தில் பிழை எனக்கு விளங்கிவிட்டது.

2

எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் தமிழ் வருஷத்திலும் மாசத்திலும்தான் நினைவில் வைத்திருந்தார்கள். மாரிமுத்து வந்தது ஆங்கிரச வருஷம் ஐப்பசி. மகள் பிறந்தது அதே ஆங்கிரச வருஷம் மாசி. விண்ணப்பத்துக்கு ஆங்கிலத் தேதி வேண்டும். ஆகவே பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஒவ்வொரு தமிழ் வருஷத்துக்கும் நேராக ஓர் ஆங்கில வருஷத்தை எழுதி, அட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டேன். ஆங்கிரச வருஷத்துக்கு நேராக 1932. சித்திரையில் தொடங்கும் வருஷம் தை பிறக்கும்போது 1933க்குள் போய்விடும் என்பதை அந்த அட்டையில் நான் குறிக்கவில்லை.

ஒவ்வொரு விண்ணப்பத்தையும் முதலிலிருந்து கடைசிவரை எழுதியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். நான் வேலையை ஒழுங்காகப் பிரித்துக்கொண்டேன். ஒரு நாள் எல்லாருடைய வருகைத் தேதிகளும், மறுநாள் எல்லாப் பிள்ளைகளின் பிறந்த தேதிகளும். கையெழுத்தைப் பெரிய கிளாக்கர் பாராட்டினார்.

விண்ணப்பத்தின் அடியில், "வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது" என்ற வரியின் கீழ் என் கையொப்பம் இருந்தது. நான் வாசித்துக் காட்டவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கவைத்துக் கைரேகை மட்டும் வாங்கினேன்.

அதிகாரி நேராக என்னையே கேட்டார். வாசித்துக் காட்டினீரா?

இல்லை என்றால் பொய்ச் சான்று கொடுத்தவன் ஆவேன். வேலை போகும், குவார்ட்டர்ஸும் போகும்.

"வாசித்துக் காட்டினேன்," என்றேன்.

3

திரும்பி வரும்போது பஸ்ஸில் செல்லாயி புருஷனை விடவில்லை.

"பெத்த புள்ள பொறந்த வருசம் தெரியாத ஆம்பளைய இன்னிக்குத்தான் பாக்குறேன். சம்பள நாள மட்டும் மறக்கமாட்டீரு."

"சும்மா வாடி. நாந்தேன் ஐயாகிட்ட மாத்திச் சொல்லியிருப்பேன் போல."

நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கே பழைய பிரதிகளைப் புரட்டினேன். தை, மாசி, பங்குனியில் பிறந்த பிள்ளைகள் உள்ள விண்ணப்பங்கள் இன்னும் பதினொன்று இருந்தன. ஆபீசில் கிடந்த நான்கைத் திருத்தினேன். அனுப்பிவிட்ட மற்ற ஏழு விண்ணப்பங்களைப் பற்றி யாருக்கும் எழுதவில்லை. எழுதினால் மாரிமுத்துவின் விண்ணப்பத்தில் என்ன நடந்தது என்ற கேள்வி வரும்.

நிராகரிப்புக் கடிதம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் போனேன். மேல்முறையீடு எழுதலாம் என்று சொல்லி, மகள் பிறந்த தேதியை மறுபடி கேட்டேன். மாரிமுத்து வாசலிலேயே நின்றார்.

"நீங்களே யோசிச்சு ஒரு தேதி போட்ருங்க ஐயா. நான் சொன்னா தப்பாப் போயிருது."

இப்போது ஆபீசில் சேரும் கிளாக்கர்மாருக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தமிழ்த் தேதியை அழிக்காமல் பக்கத்தில் ஆங்கிலத் தேதியை எழுதுங்கள். ரேகை வாங்குமுன் வாசித்துக் காட்டுங்கள். காட்டவில்லையென்றால், கேட்கிற இடத்தில் காட்டவில்லை என்று சொல்லுங்கள்.

மேல்முறையீட்டில் சரியான தேதியைத்தான் எழுதினேன். முதலில் ஒன்று, பிறகு ஒன்று சொல்கிறார் என்று அதையும் தள்ளிவிட்டார்கள்.