காயாத தலை

பேய்க்கதை எழுதப் பழகும் என் மகள், ஸ்காட்லாந்துக் கதை ஒன்றை வாசித்துக் காட்டினாள். ஏரிக்குள் வாழும் குதிரை மனிதனாக மாறி ஊருக்குள் வருமாம். காயாத தலைமுடியை வைத்துத்தான் அதை அடையாளம் கண்டுபிடிப்பார்களாம்.

ஈரத்தலை என்றதுமே எனக்குக் கந்தக வாடை அடித்தது.

அறுபதுகளில் ஒரு கோடை. எங்கள் ஊர் தாயில்பட்டியில் கிணறுகள் வற்றிக் கிடந்தன. யாரும் குளிக்கக் கூடாதென்று அம்மா அப்பாவுக்கே தடை போட்டிருந்தாள். ஆனால் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த செல்லத்தாய்க்கு மட்டும், சாயங்காலமானால் தலை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்.

"இவளுக்கு மட்டும் எங்கன இருந்து தண்ணி வருது? ஒண்ணு மோகினியா இருக்கணும், இல்ல திருடியா இருக்கணும்" என்றாள் அம்மா. ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போய் நேராகவே கேட்டுவிட்டாள்.

செல்லத்தாய் கோபப்படவில்லை. "குடிக்கிற தண்ணியில மிச்சம் பிடிச்சுத்தான் ஊத்திக்கிறேன் மதினி. பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குறேன்ல, தலை பூராம் மருந்து. அதோட எப்படி அடுப்புப் பத்த வைக்க?"

அம்மா வீட்டுக்கு ஓடினாள். அப்பாவுக்கும் அதே வேலைதான். அவர் அடுப்பருகே குந்தி, பீடி பற்றவைக்கக் கொள்ளியை எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா கடைசிக் குடத்தைத் தூக்கி அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள்.

மகளிடம் சொன்னேன்: "ஈரத்தலையை எல்லாரும் சந்தேகப்படுவாக. நீ காஞ்ச தலை மேல ஒரு கண்ணு வையி."