அண்ணாந்து குடித்தவளின் வயிறு

மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் வாரத்திலேயே வாயைச் சுட்டுக்கொண்டேன். இங்கே குடிக்கத் தருவது பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீர். நானோ விருதுநகர்க்காரி, டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்து குடித்தே வளர்ந்தவள். எனக்கு மாடி அறையும் சாப்பாடும் தந்த ரமணி சேச்சியின் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்பே கொச்சியில் வந்து நிலைத்த தமிழ்க் குடும்பம். "எந்தினா மோளே இந்த சர்க்கஸ்? வாய் வெச்சுக் குடிச்சாப் போறாதா?" என்றார். எச்சில் என்றேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கலூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. வயிற்றில் குடியிருக்கும் ஒரு கிருமியின் வால்களைப் பற்றிய ஆராய்ச்சி. அமிலத்தில் நெடுநேரம் தாங்காத அந்தக் கிருமி, வால்களைச் சுழற்றி நீந்தி, இரைப்பைச் சுவரை மூடிய கோழைக்குள் போய் ஒண்டிக்கொள்ளும். வாலுக்கான மரபணுக்களில் ஒன்றை நீக்கிய கிருமியையும் நீக்காததையும் இளகிய கூழ்த்தட்டில் ஆளுக்கொரு புள்ளியாக வைப்போம். வாலுள்ளது வட்டமாகப் பரவும். வாலற்றது அரசு வேலை கிடைத்த மாப்பிள்ளை போல வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டே சேச்சிக்குப் பெருமையாக விளக்கினேன். நுணலும் தன் வாயால் கெடும்.

மறுநாள் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். "அந்தப் புழுவத் தொட்ட கையோட எங்க அடுக்களையில கேறண்டாம். மாசக் கடைசில வேற வீடு நோக்கிக்கோ," என்றார் சேச்சி. எச்சில் பார்த்தவளே எச்சிலானேன். நான் வேலைக்குப் படகேறும் துறைக்குப் பக்கத்தில் என் சம்பளத்துக்கு வேறு அறை கிடைக்காது. அதைவிட, இந்த ஊரில் நான் தமிழில் சாப்பிடக்கூடிய ஒரே அடுக்களை அது. மாடிக்குப் போய் அழுதேன்.

என் சுத்தத்தை நிரூபிக்க நானே மருத்துவமனைக்குக் கிளம்பினேன். நெஞ்செரிச்சல்காரரான சேச்சியின் கணவரும் கூட வந்தார். அந்தக் கிருமி வயிற்றில் இருந்தால் மூச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், ஆளுக்கொரு பையில் ஊதினோம். வாழ்நாளெல்லாம் வாய் வைத்துச் சாயா குடித்த சேட்டனுக்குக் கிருமி இல்லை. நெஞ்செரிச்சலுக்குப் பழி போட ஆள் கிடைக்காததில் அவருக்குச் சற்று ஏமாற்றம். எனக்கோ கிருமி இருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "எல்லாம் அந்த ஊர்த் தண்ணி. நம்ம வீட்ல எவடி வாய் வச்சுக் குடிச்சா?" என்றார். ஊரில் இருப்பவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கிருமி பெரும்பாலும் சிறுவயதில், வீட்டாரிடமிருந்தே வருகிறது. பல் முளைக்காத எனக்கு முறுக்கை மென்று குழைத்து ஊட்டியவர் இதே அம்மாதான். எச்சில் என்பது அடுத்தவர் வாயில்தான் இருக்கும் போல.

டாக்டர் குழாய் விட்டு வயிற்றிலிருந்து எடுத்த துணுக்கை, முறையான அனுமதியோடு எங்கள் கூடத்தில் வளர்த்தோம். மரபணுக்களைப் படித்துப் பார்த்தால், கூடத்துக் கிருமிகள் எவற்றோடும் அது ஒத்துப்போகவில்லை. சேச்சியிடம் போய், முறுக்குக் கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்போ இது அம்ம தந்ததா?"

"ஆமா சேச்சி. வேலையிலருந்து வந்ததில்ல."

சேச்சி அடுக்களை வாசலை விட்டு விலகி நின்றார். "அம்ம தந்ததுன்னா சாரமில்ல, பரவால்ல. மருந்து தீர்ற வர கஞ்சி வெக்கிறேன். உள்ள வா."

மாத்திரைகள் வேலை செய்தன. ஊரிலிருந்து என் உடம்போடு வந்த ஒன்றை நானே கொன்றுவிட்டேனே என்று ஒரு சாயங்காலம் முழுக்க உண்மையாகவே துக்கமாக இருந்தது. ஆனால் கூழ்த்தட்டில் அபாரமாக நீந்தியதால், எங்கள் பேராசிரியர் அதில் கொஞ்சத்தை உறைபெட்டியில் சேர்த்திருந்தார். குப்பியின்மேல் 'விருதுநகர்' என்று எழுதியிருக்கிறது. அம்மா ஊட்டியது கொச்சியில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. நான்தான் இன்னும் மாத வாடகைக்கு இருக்கிறேன்.