சக்கரம் நிற்கும்வரை பூட்டாதே

1991-இல் ஒரகடம் பக்கம், பிளாஸ்டிக் மூடி செய்யும் ஷெட்டில் எனக்கு வேலை. எட்டாவது பெயிலுக்கு அதுவே அதிகம். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளைவீல் இருந்தது. கரண்ட் இருக்கும்போது மோட்டார் அந்த இரும்புச் சக்கரத்தைச் சுற்றிவிடும். கரண்ட் போனால், டீசல் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகும்வரை சக்கரம் சுற்றுகிற வேகத்திலேயே கரண்ட் கொடுத்து லைனைத் தாங்கும். அதற்குத் 'தலைவர்' என்று பெயர் வைத்தேன். கிளப்புவது கஷ்டம்; மைக்கைப் பிடித்துவிட்டால் நிறுத்துவது அதைவிடக் கஷ்டம்.

அதன் ஆபரேட்டர் வடக்குப்பட்டு தேவராஜ் அண்ணன். ஷெட் நிற்பதே அவர் கொடுத்த நிலத்தில்தான். வேலை தருவதாகச் சொல்லி வாங்கினார்கள்.

ஒரு நாள் ஷெட்டையே இழுத்து மூடுவதற்காக மேனேஜர் மெயின் ஃப்யூஸைப் பிடுங்கினார். டீசலை முந்தின நாளே வடித்துவிட்டார்கள்.

"ஆளுங்களே வேலையை நிறுத்தி மாசமாச்சுன்னு ஆபீசருக்குச் சொல்லியாச்சு. கிளம்புங்க."

ஷெட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று நாங்கள் கொடுத்திருந்த மனுவைப் பார்த்து லேபர் ஆபீசர் அன்றுதான் நேரில் வருவதாக இருந்தது. ஒரு மெஷினாவது ஓடுவதை அவர் கண்ணால் பார்த்தால்தான் எங்கள் வேலை தப்பும்.

அண்ணன் சுவரைக் காட்டினார். 'சக்கரம் நிற்கும்வரை அறையைப் பூட்டாதே' என்று மேனேஜரே எழுதி மாட்டிய போர்டு.

"எவ்ளோ நேரம்டா சுத்தும்?"

"தலைவர் பேச்சு சார். எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்?" என்றேன்.

மேனேஜர் பூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அண்ணன் என் காதோரம் வந்தார். "டேய், ஃபேனு லைட்டு எல்லாத்தையும் ஆஃப் பண்ணு. லோடு இல்லன்னா நெறைய நேரம் சுத்தும். ஆபீசர் வந்தப்புறம் கிரைண்டரைப் போடு."

"உன் மூச்சையும் ஆஃப் பண்ணிடுண்ணே. காத்து தடுக்குது."

அண்ணன் சிரிக்கவில்லை. சக்கரத்தின் சத்தம் இறங்குவதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக ஆபீசரின் ஜீப் வந்தது.

"இன்னாப்பா, ஓடிக்கினு கீதுன்னு மனு குடுத்தீங்களே?"

வேஸ்ட் பிளாஸ்டிக்கை அரைக்கிற கிரைண்டரின் சுவிட்சை அழுத்தினேன். பிளேடு அரைச் சுற்று நகர்ந்து முனகியது. சுவிட்சுக்கு மேலிருந்த இண்டிகேட்டர் பல்பு பீடி நெருப்பாய்ச் சிவந்து அணைந்தது. சக்கரம் நின்றுவிட்டது.

ஆபீசர் எங்கள் முகத்தைப் பார்க்காமலே எழுதிக்கொண்டு போனார். மேனேஜர் பூட்டோடு எழுந்தார். அண்ணன் பேரிங் மேல் கை வைத்து, "இன்னும் சூடா கீதுடா" என்றார்.

கேட்டுக்கு வெளியே வந்தும் அவருக்குக் கால் நகரவில்லை. "நெலம் உள்ள கீது. நான் வெளிய கீறேன்."

இப்போது நான் வேலை பார்க்கும் வேறொரு ஷெட்டுக்குப் புதிதாக வரும் பசங்களுக்குச் சொல்கிறேன்: ஃப்ளைவீல் புதுசாகக் கரண்ட் எதையும் செய்வதில்லை. வாங்கி வைத்ததைக் கொஞ்ச நேரம் கொடுக்கும். அதற்குள் பின்னால் இன்னொன்று ஸ்டார்ட் ஆக வேண்டும். எங்களுக்குப் பின்னால் எதுவும் இல்லை.